பதினாறா, இருபத்திநாலா

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். எங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்குள் முடிந்துவிட்ட நாள்.

போன வாரம் உங்கள் ரிப்பேர் அறைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒரு பெண், பேச்சு மூச்சில்லாமல் கிடந்த ஒரு மதர்போர்டின் சிப்பின் மேல் துணிக்கு மாட்டும் கிளிப் மாதிரி ஒன்றைக் கவ்வவிட்டாள். சால்டரைத் தொடவே இல்லை. உள்ளே இருந்ததைப் படித்தாள், கெட்டுப்போனதை அழித்தாள், புதிதாக எழுதினாள், போர்டு எழுந்து உட்கார்ந்தது. அவள் டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

நான் வேலை பார்த்த காலத்து சிப் வேறு ஜாதி. கம்பளிப்பூச்சி மாதிரி இருபத்தெட்டு கால். முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். அழிக்கக் கூடாது என்றால் ஜன்னலின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைக்க வேண்டும். வெயிலிலும் அந்த ஒளி கொஞ்சம் உண்டு. ஜன்னலை மூடாமல் விட்டால், வெயில் எட்டிப் பார்க்கும் இடத்தில் இருக்கும் சிப் மாதக்கணக்கில், வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஞாபகத்தை இழக்கும். ஒரேயடியாக மறக்காது. அதுதான் தொல்லை. பாதி ஞாபகத்தோடு உளறும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சால்டர் பிடிக்கும் பெஞ்சில்தான் ஆரம்பித்தேன். பத்து வருடம் கழித்து அங்கே என்னோடு வேலை பார்த்த ரமேஷும் நானும் வெளியே வந்து இராயக்கோட்டை ரோட்டில் இரண்டு அறை பிடித்து, இயந்திரங்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கத் தொடங்கினோம். சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள். ரமேஷ் பெங்களூருக்குப் போய் உதிரிப் பாகங்கள் வாங்கி வருவார். பஸ் ஏறிப் போய் ரிப்பேர் பார்ப்பது பெரும்பாலும் நான். கருவிகளை ஒரு ஒயர் கூடையில் போட்டு எடுத்துப் போவேன். கண்டக்டர்கள் என்னைக் காய்கறி விற்கிறவள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். காலை எட்டு மணிக்கு போன் வந்தது. கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. மேனேஜர் சுப்பாராவ் பேசினார். சித்தூர் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். அன்றைக்கு நன்றாகவே கலந்திருந்தது.

"ரிட்டார்ட் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுதும்மா. ஆவி வால்வு தானா தொறக்குது, தானா மூடுது. ஏமி சேயாலோ தெலியது, என்ன செய்யறதுன்னே தெரியல. உடனே வாங்க."

ரிட்டார்ட் என்பது, கூழ் அடைத்து மூடிய டப்பாக்களைக் கூண்டு கூண்டாக உள்ளே இறக்கி ஆவியில் வேகவைக்கும் பெரிய இரும்புத் தொட்டி. எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பதை ஒரு கன்ட்ரோல் போர்டு பார்த்துக்கொள்ளும். அந்த ஆலையில் இருந்தது வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கி வந்த இயந்திரம். செய்த கம்பெனியே மூடிவிட்டது. கையால் வால்வு திருப்பி ஓட்டும் வசதியை எப்போதோ கழற்றிவிட்டார்கள். போர்டு படுத்தால் ஆலையும் படுத்துக்கொள்ளும்.

பத்து மணிக்கு நான் போய் இறங்கியபோது கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் டிராக்டர்களும் லாரிகளும் நின்றன. எல்லாம் பெங்களூரா மாம்பழம். அந்த வாசனையை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். ஒரு கூடைக்கு அது சுகம், நாற்பது லோடுக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு டிராக்டரின் நிழலில் உட்கார்ந்திருந்த காவேரிப்பட்டணத்து அம்மாள் ஒருவர் என் கூடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மிஷின் பாக்கறதுக்கு வந்தவங்களா நீங்க?"

"ஆமாங்க."

"நேத்து ராத்திரியே வந்துட்டங்க நாங்க. இன்னிக்கு எறக்கலன்னா நாளைக்கு இது மாட்டுக்குத்தான். பாத்து செய்ங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

ரிட்டார்ட் பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். அவருக்கு எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரிட்டார்ட் ஓட்டும் முனியப்பன். பாரூர்க்காரர். அவர் வீட்டில் எல்லாரும் ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். ஆலைக்கு முதலில் வந்தவர் இவர்தான். ஒன்பது சீசனாக அந்த இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா," என்றார் மேனேஜர். "பேனல் கதவை எப்பவும் தொறந்தே வெச்சிருக்கான். ஆவி, தூசி, வெயில், எல்லாம் உள்ள போயிருக்குது. நான் எத்தனை வாட்டி சொல்றது?"

"உள்ள சூடு தாங்கறதில்லைங்க," என்றார் முனியப்பன் என்னைப் பார்த்து. "மூடி வெச்சா மத்தியானம் மிஷின் நின்னுடுதுங்க. தொறந்தா ஓடுதுங்க. அதான் தொறந்து வெச்சன் மேடம்."

"பேசாத நீ," என்றார் மேனேஜர்.

நான் போர்டைக் கழற்றி, மேற்கு ஜன்னல் பக்கம் ஒரு மேஜையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் அந்த சிப். செருகி எடுக்க சாக்கெட் இல்லை, அதிர்வில் கழன்றுவிடக் கூடாது என்று நேராக போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள். அதன் கண்ணாடி ஜன்னல் என்னைப் பார்த்துப் பளபளத்தது. ஸ்டிக்கர் இல்லை.

ஸ்டிக்கர் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். உரித்தது நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போர்டில் ஒரு ரிலே ஸ்விட்ச் கெட்டுப்போனதால் வந்திருந்தேன். சிப் என்ன நம்பர் என்று குறித்துக்கொள்ளலாம் என்று ஸ்டிக்கரை உரித்தேன். நம்பரைக் குறித்தேன். திரும்ப ஒட்டினால் ஒட்டவில்லை, பசை காய்ந்துவிட்டது. சரி, கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ காபி கொண்டு வந்தார்கள், ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள், நான் பேனலை மூடிவிட்டுப் போய்விட்டேன். சிப்பில் இருந்ததை நகல் எடுத்து வைத்தேனா என்றால் அதுவும் இல்லை. சால்டர் செய்த சிப்பை யார் கழற்றிக்கொண்டிருப்பது என்ற சோம்பல். இரண்டு தவறுகள், ஒரே கப் காபியில்.

மேனேஜர் கேட்டார்: "என்னம்மா, தெரிஞ்சுதா?"

"சிப் வீக் ஆயிருக்கு சார். உள்ள இருக்கறது அழிஞ்சிட்டு வருது."

"கதவு தொறந்ததாலதானே?"

நான் கூடையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி முனியப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் மீதியைச் சொல்வதில் அர்த்தமில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், முதலில் வேலை நடக்கட்டும், இப்போது இதைச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று நேரத்தை வீணாக்குவார், பழம் அழுகும் என்பது. நல்ல காரணம்தான். நல்ல காரணங்கள் இப்படிப்பட்ட நேரங்களில் தாமாகவே வந்து வரிசையில் நிற்கும்.

இனி சிப். போர்டில் இருக்கும்போது அதைப் படிக்க முடியாது. சுற்றி இருக்கும் மற்ற சிப்புகள் குறுக்கே பேசும். கழற்றித்தான் ஆக வேண்டும். சாதாரணமாக என்ன செய்வோம்? சிப்பின் கால்களை வெட்டி எறிந்துவிட்டு, போர்டுக்குச் சேதம் இல்லாமல் பார்த்துக்கொள்வோம். சிப் கடையில் கிடைக்கும், போர்டு கிடைக்காது. அன்றைக்குத் தலைகீழ். அந்த சிப்பில் இருந்தது உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. போர்டில் செம்புக் கோடு கிழிந்தால் ஒயர் போட்டு இணைத்துக்கொள்ளலாம். ஆகவே போர்டு என்ன ஆனாலும் ஆகட்டும், சிப் சூடாகக் கூடாது என்று முடிவு செய்தேன். அவசரத்தில் கை தன் பழக்கத்துக்குப் போகும். எதைக் காப்பாற்ற வந்தோம் என்பதை வேலை தொடங்குமுன் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற முனியப்பன், "என்னங்க?" என்றார்.

ஒரு கால், பிறகு எதிர் மூலையில் ஒரு கால், பிறகு ஆறவிடுவது. இப்படியே இருபத்தெட்டு. மேனேஜர் மூன்று முறை வந்து பார்த்தார். மூன்றாவது முறை, "இன்னும் எத்தனை கால் இருக்குது?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "எருமைக்குக்கூட நாலுதான்," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். போர்டில் இரண்டு கோடுகள் கிழிந்தன. சிப் முழுசாக வந்தது. மணி பன்னிரண்டு.

மேனேஜர் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு படிக்கவும் எழுதவும் உதவும் என் புரோகிராமர் பெட்டியை அதில் மாட்டி, சிப்பைப் படித்தேன். எட்டாயிரத்துச் சொச்சம் எண்கள். இன்னொரு முறை படித்தேன். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நூற்றுக்கு மேல் வித்தியாசம். மூன்றாம் முறை இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபிளாப்பியில் வைத்தேன்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரிடம், "சார், சாப்பிட்டுட்டு வாங்க," என்றேன்.

"நீங்க?"

"இது சாப்பிட விடாது."

அரைகுறையாக மறந்த சிப்பிடம் கேட்கும் விதம் ஒன்று உண்டு. வழக்கமான ஐந்து வோல்ட் கொடுத்தால், பாதி கசிந்துபோன இடங்களெல்லாம் அழிந்த இடம் மாதிரியே தெரியும். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் அந்தப் பாதியும் எழுதிய இடமாகத் தெரிய ஆரம்பிக்கும். ரொம்பக் குறைத்தால் எழுதாத இடம்கூட எழுதியதுபோலத் தெரிந்து ஏமாற்றும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது. சிப்பின் மின்சாரக் காலை மட்டும் சாக்கெட்டுக்கு வெளியே வளைத்து, நாங்களே செய்து வைத்திருந்த, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டியிலிருந்து அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்தேன். நாலு புள்ளி எட்டு வோல்ட். நாலு ஆறு. குமிழை ஒரு மயிரிழை திருப்புவது, படிப்பது, ஒப்பிடுவது. வித்தியாசம் நூறிலிருந்து நாற்பதானது. நாற்பது ஒன்பதானது. நாலு நாலுக்கு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

ஒரே ஓர் இடம். அந்த எண் ஒரு முறை இருபத்திநாலு என்று வந்தது. அடுத்த முறை பதினாறு. அடுத்த முறை மறுபடி இருபத்திநாலு. பத்து தடவை படித்தால் ஆறு தடவை பதினாறு, நாலு தடவை இருபத்திநாலு.

எட்டாயிரத்தில் ஒன்று. சாப்பிட்டுத் திரும்பிய மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதான் ஆயிடுச்சேம்மா. எழுதி மாட்டுங்க," என்றார்.

நான் அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இருப்பதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். முன்னால் ஐந்து. பின்னால் பத்து. அலமாரியில் இயந்திரத்தோடு வந்த புத்தகம் இருந்தது. மேனேஜர் அதை எடுத்துப் புரட்டினார். ஆவி ஏற ஐந்து நிமிடம், வேக பதினாறு, ஆற பத்து. ஐந்து, பதினாறு, பத்து.

"பாத்தீங்களா," என்றார். "பதினாறு."

உண்மையைச் சொன்னால் என் கணக்கும் பதினாறின் பக்கம்தான் சாய்ந்தது. வெளிச்சம் பட்டு அழியும்போது எண்கள் பெரிதாகும், சிறிதாகாது. ஆகவே பதினாறு என்று எழுதியிருந்ததுதான் அழிந்து இருபத்திநாலாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வது பொருத்தமாக இருந்தது. அடிக்கடி வருவதும் பதினாறு. புத்தகமும் பதினாறு. ஆனால் இது வேகவைக்கும் நேரம். குறைந்தால் டப்பாவுக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் கழித்து எங்கேயோ ஒரு குடோனில் உப்பி நிற்கும். அப்படியானால் எதற்கும் இருபத்திநாலே இருக்கட்டும் என்று போட்டுவிடலாமா? கேட்டேன்.

"எட்டு நிமிஷம் அதிகமா வெந்தா கலர் கருத்துடும். வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிடுவான்," என்றார்.

இரண்டு பக்கமும் பள்ளம். நான் எழுந்து வெளியே போனேன். முனியப்பன் ரிட்டார்ட் பக்கத்தில் அதே இடத்தில் நின்றிருந்தார். அவரிடம் தாளைக் காட்டவில்லை, எண்ணையும் சொல்லவில்லை.

"ஆவி ஏறின பிறகு எத்தனை நிமிஷம் வேகும்?"

"இருபத்திநாலுங்க," என்றார். யோசிக்கவே இல்லை.

"பதினாறு இல்லையா?"

"பதினாறுல எங்கங்க வேகும்? டீ வாங்கிட்டு வந்து குடிச்சி முடிச்சி, அடுத்த கூண்டு அடுக்கி முடிச்சாலும் இன்னும் மணி அடிச்சிருக்காது. இருபத்திநாலுங்க."

அதற்குள் மேனேஜர் எனக்குப் பின்னால் வந்துவிட்டார். "அவன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்மா. கதவு மூடுறான்னா மூட மாட்டான். இப்ப இவன் சொல்றது பெருசா, புக்குல இருக்கறது பெருசா? உங்க மிஷினே பதினாறுன்னு சொல்லுது. பதினாறு போடுங்க. என் பொறுப்பு."

முனியப்பன் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. என் முன்னால் மூன்று சாட்சிகள். ஒன்று அரைகுறையாக மறந்த சிப். இரண்டாவது வேறு ஊருக்காக எழுதிய புத்தகம். மூன்றாவது ஒன்பது சீசன் அதே தொட்டியின் பக்கத்தில் நின்ற மனிதர். மூன்றாவது சாட்சியை யாரும் கேட்கத் தயாராக இல்லை. காரணம், அவர்மேல் குற்றம் இருப்பதாக எல்லாரும் நினைத்தார்கள். அப்படி நினைக்க விட்டவள் நான்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். "இந்த சிப்பு மேல ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அது இருந்திருந்தா நீங்க கதவைத் தொறந்து வெச்சாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு வருஷம் முன்னாடி நான் வந்தப்போ அதை உரிச்சேன். திரும்ப மூடாமப் போயிட்டேன். இவர் கதவைத் தொறந்தது போர்டுக்கு நல்லதுதான். இல்லன்னா சூட்டுல இன்னும் சீக்கிரம் போயிருக்கும். தப்பு என்னுது."

மேனேஜர் என்னையே பார்த்தார். பிறகு, அடியிலிருந்து எதையோ தூக்குகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: "இவன் இல்லையா?"

"இவர் இல்ல சார்."

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது."

வெளியே ஒரு டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். மேனேஜர் முனியப்பன் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து முதல் முறையாகத் திட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்திநாலுன்னு எப்படிப்பா காட்டுவ?"

"ரெக்கார்டர் பேப்பர் இருக்குதுங்களே சார். போன வருசத்துது லேப்ல கட்டு கட்டா இருக்குது."

"காலையிலயே சொல்றதுக்கென்ன?"

"யாருங்க கேட்டாங்க?"

ரிட்டார்ட்டின் சூட்டை ஒரு பேனா வட்டமான தாளில் நாள் முழுக்க வரைந்துகொண்டே இருக்கும். எல்லா ஆலையிலும் உண்டு. அதை நானும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்கு நேரே இருந்தது. நினைவுக்கு வரவில்லை. சிப் சிப் என்று சிப்பையே குடைந்துகொண்டிருந்தால் இப்படித்தான்.

லேபிலிருந்து போன சீசன் கட்டு வந்தது. அலுவலக மேஜையில் நாங்கள் மூவரும் குனிந்து நின்று பார்த்தோம். ஒவ்வொரு லோடுக்கும் கோடு ஏறி, சமமாக ஓடி, இறங்கியது. தாளில் ஒரு கட்டம் பதினைந்து நிமிடம். பதினாறு என்றால் சமமான பகுதி ஒரு கட்டத்தைச் சற்றே தாண்டும். எல்லாத் தாளிலும் அது ஒன்றரைக் கட்டத்தைத் தாண்டியது. பத்துத் தாள் பார்த்தோம். பிறகு மேனேஜர் தானே இன்னும் நாலு தாளை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தார். இருபத்திநாலுதான். இந்த ஊருக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபோதே பெரிய டப்பாவுக்கு ஏற்ற மாதிரி யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். புத்தகம் பழைய ஊரிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் சிப் ஏன் பதினாறு பதினாறு என்றது? அந்த ஓர் இடம் அழிந்துபோன இடமே அல்ல. முதலிலிருந்தே எழுதாமல் விட்ட, கொஞ்சம் பலவீனமான இடம். நான் வோல்டேஜைக் குறைத்ததால் எழுதிய இடம்போலத் தப்பாகப் பேசியது. மற்றவற்றைக் காப்பாற்றிய என் தந்திரமே அங்கே என்னை ஏமாற்றியது. நன்றாக வேலை செய்கிற தந்திரத்தின்மேல்தான் நமக்குச் சந்தேகமே வராது.

புதிய சிப்பில் இருபத்திநாலு என்று எழுதினேன். போர்டில் சாக்கெட் வைத்து, கிழிந்த இரண்டு கோட்டுக்கும் ஒயர் இழுத்து, சிப்பை மாட்டி, கையோடு கறுப்பு டேப்பை ஒட்டினேன். ஒன்றல்ல, இரண்டு அடுக்கு. நாலு மணி சுமாருக்கு முதல் லோடு உள்ளே போனது. முனியப்பன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் ரெக்கார்டர் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திநாலாவது நிமிடத்தில் மணி அடித்தது. டப்பாவை வெட்டி லேப் ஆள் ருசி பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்டில் டிராக்டர்கள் நகரத் தொடங்கின.

மேனேஜர் அறையில் என் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மேஜையில் இருந்த, டைப் அடித்த ஒரு தாளை எடுத்துப் படித்தார். முனியப்பனை நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதம். மத்தியானமே தயாராகிவிட்டதாம். அதை என்னிடம் காட்டிவிட்டு, நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "தாங்க்ஸ்," என்றார். ஆனால் அடுத்த சீசனில் ரிப்பேருக்கு எங்களை விட்டுவிட்டுப் பெங்களூரிலிருந்து வேறு ஆட்களை ஏற்பாடு செய்துகொண்டார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ரமேஷ் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் இருவரும் உட்கார்ந்து, எங்களிடம் வரும் எந்த போர்டாக இருந்தாலும், என்ன ரிப்பேராக இருந்தாலும், முதலில் உள்ளே இருப்பதை நகல் எடுத்துப் பெயர் எழுதி வைப்பது என்று வழக்கமாக்கினோம். சால்டர் செய்த சிப்பானாலும் கழற்றித்தான். கடையை விட்டு வரும்போது பிஸ்கட் டின்களில் மொத்தம் எத்தனை நகல் இருந்தது என்று எண்ணவில்லை. நாலு டின் நிறைய இருந்தது. அதில் எட்டோ பத்தோ தடவை யாரோ ஒருவரின் ஆலை பிழைத்திருக்கிறது.

வழக்கமாக இந்தக் கதையை இங்கே முடித்துவிடுவேன். கேட்பவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். உங்களுக்கு மீதியையும் சொல்கிறேன்.

ஐந்து மணிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு, முனியப்பனிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று ரிட்டார்ட் பக்கம் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது லோடு வெந்துகொண்டிருந்தது. அவர் கூண்டு அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஸ்டிக்கர் விசயம் உனக்கு எப்பத் தெரியும்?"

காலையிலிருந்து மேடம், நீங்க என்று பேசியவர்.

"போர்டைக் கழட்டினதுமே தெரியும்," என்றேன்.

"பத்து மணிக்கா?"

"பத்தேகால் இருக்கும்."

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "மூணு மணி வரைக்கும் இங்கதான் நின்னுட்டிருந்தன்," என்றார். "சோத்துக்குக்கூடப் போவல. போனா, தப்புப் பண்ணிட்டுச் சோறு திங்கப் போறான்னு சொல்வாங்கன்னு."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். பல தடவை அவரைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு தடவை அவரிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தேன்.

"சொல்லியிருக்கணும்," என்றேன். "பயந்துட்டேன்."

"அது தெரியுதும்மா. பயந்தா நானுந்தான் சொல்ல மாட்டன்." இன்னொரு டப்பாவை எடுத்து வைத்தார். "ஆனா நீ பயந்தா அஞ்சு மணி நேரம் போவுது. நான் பயந்தா வேலை போவுது."

மணி அடித்தது. அவர் ஆவியைத் திறந்துவிட்டு, ஆறியதும் வெந்த கூண்டைத் தூக்க மேலே தொங்கிய கொக்கிச் சங்கிலியை இழுத்தார். உதவிக்கு இருக்க வேண்டியவர் லோடு இறக்கக் கேட்டுக்குப் போயிருந்தார்.

"பஸ்ஸு அஞ்சரைக்குத்தானே," என்றார். "அந்தக் கொக்கிய இப்படித் தள்ளிப் புடி. கையச் சுட்டுக்காத."

கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியைப் பிடித்தேன்.